ரெண்டு இஞ்ச் தண்ணி என்னும் ஜல்லி

திருவண்ணாமலை மாவட்டத்தில் பெரும்பகுதி சார்னோக்கைட், நைஸ் பாறைதான். விரிசலில் நீர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் புழுதி. கிரிவலப் பாதை லாட்ஜ்காரர் முதல் கடலைக்கொல்லைக்காரர் வரை போர் போட்ட எல்லோருக்கும் இது தெரியும்.

போர் கைவிட்டால் அடுத்த வைத்தியம் ஹைட்ரோ ஃபிராக்சரிங். கேசிங்குக்குக் கீழே பாக்கரை இறக்கி அடைத்துவிட்டு, அதிக அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்துவார்கள். அடைபட்ட விரிசல்கள் திறந்துகொள்ளும். நல்ல நுட்பம்தான். குடிநீர் வடிகால் வாரியமே கைபம்புகளுக்குச் செய்திருக்கிறது. சண்டை அதனோடு அல்ல. வேலை முடிந்ததும் "ரெண்டு இஞ்ச் தண்ணி சார்" என்கிறார்களே, அந்த எண்ணோடு.

முதலில், எது இஞ்ச்? குழாயின் வாயா, வி-நாட்ச் தகட்டில் நிற்கும் நீரின் உயரமா? 90 டிகிரி வி-நாட்சில் ஒரு இஞ்ச் என்றால் நொடிக்குச் சுமார் 0.14 லிட்டர், இரண்டு இஞ்ச் என்றால் 0.8. இரண்டு மடங்கு இல்லை, ஐந்தரை மடங்குக்கும் மேல்! ஒன்றரையை இரண்டு என்று படித்தாலே தண்ணீர் இரட்டிப்பாகிவிடும். (படிப்பவர் யார்? காசு வாங்குகிறவர்.)

அடுத்தது இன்னும் மோசம். ஆறரை இஞ்ச் போரில் 500 அடி நீர் நின்றால் அதுவே சுமார் 3,260 லிட்டர். பாறையிலிருந்து ஒரு சொட்டு ஊறாவிட்டாலும் 'ரெண்டு இஞ்ச்' ஒரு மணி நேரத்துக்கு மேல் கொட்டும். போதாததற்கு, ஃபிராக்சரிங்கில் உள்ளே செலுத்திய தண்ணீரும் முதலில் திரும்பி வரும். லாரியில் வந்த தண்ணீரைப் பாறை கொடுத்ததாகக் கணக்கெழுதினால் எப்படி?

அமெரிக்க ஷேல் கிணறுகளிலும் இதே கூத்துதான். முதல் மாதம் பொங்கும், பிறகு சரசரவென்று இறங்கும். ஆர்ப்ஸ் 1945-இல் கொடுத்த சரிவுச் சூத்திரத்தை அந்த ஆரம்பப் பொங்கலை மட்டும் வைத்து நீட்டினால் கணக்கு வீங்கிவிடும்.

ஃபிராக்சரிங்குக்கு முன்பும் பின்பும், ஒரே மோட்டாரை ஒரே ஆழத்தில் இறக்கி, பல மணி நேரம் ஓட்டி, நீர்மட்டம் எத்தனை மீட்டர் இறங்கியது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஏறியது என்று பார்க்க வேண்டும். அதுவும் சித்திரையில். கார்த்திகை தீபத்தை ஒட்டி அளந்தால் மழையின் புண்ணியமும் கம்பெனி கணக்கில் சேர்ந்துவிடும்.

"அதற்கெல்லாம் செலவாகும்" என்பார்கள். வாடகை மோட்டார், ஒரு டிரம், ஒரு கடிகாரம், மட்டம் பார்க்க ஒரு கயிறு. இந்த எண்ணை நம்பி நகையை அடகு வைத்து வாங்கும் மோட்டார், நீரில்லாமல் ஓடி காயில் கருகினால் யார் தருவார்கள்? ரசீதில் அடிக்கணக்கு இருக்கிறது, கேசிங் கணக்கு இருக்கிறது. நீர்மட்டத்துக்கு மட்டும் ஒரு வரி இல்லை.