பட்சிராஜன் கோபம் நியாயம்தான்... ஆனா, குற்றவாளி மாறிப்போச்சு மக்களே!

குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சா, உங்க ஃபீடுல ரெண்டு ரீல்ஸ் கண்டிப்பா வரும். ஒண்ணு ஐந்தருவி. இன்னொண்ணு, தென்காசி பக்கத்துல இருக்கிற சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல். அதே ஊர்லதான் ‘அந்நியன் பாறை’யும் இருக்கு. 2005-ல் வெளியான ‘அந்நியன்’ படத்தோட பாட்டுக்காக இயக்குநர் ஷங்கர் டீம் பெயின்ட் அடிச்ச பாறை அது. ஷூட்டிங் வேன் கிளம்பிப் பல வருஷம் ஆச்சு. பாறைக்குப் படத்தோட பேரே நிலைச்சுடுச்சு.

ஷங்கர் ஒரு விஷயத்தைப் பிரமாண்டமாகக் காட்டிட்டா, அது லேசுல அழியாது. அவரோட ‘2.0’ நம்ம மனசுல அடிச்சுட்டுப் போன பெயின்ட் என்ன தெரியுமா? ‘செல்போன் டவர்தான் சிட்டுக்குருவியைக் கொன்னுச்சு’ங்கிற முடிவு. அந்தப் பேச்சு படத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. படம் அதுமேல இன்னொரு கோட்டிங் அடிச்சது.

நீங்க சிட்டி ரசிகரா? அப்போ இந்தப் படத்தை முழுசாக் கொண்டாடவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. ரெண்டுக்கும் காரணம் இருக்கு.

விசில் எதுக்கு?

2018 நவம்பர் 29-ல் ‘2.0’ ரிலீஸ். ஊர்ல இருக்கிற செல்போன் எல்லாம் கையை விட்டுப் பறந்து போற அந்த ஆரம்பம், செம! ஆயிரக்கணக்கான போன் சேர்ந்து ஒரு ராட்சசப் பறவையாகிறதை 3டி-யில பார்த்தவங்களுக்கு அது மறக்காது. ரெட் சிப் சிட்டி திரும்பி வர்ற இடத்துல தியேட்டர் அதிர்ந்ததும் உண்மை.

அதைவிட முக்கியம், அக்‌ஷய் குமாரோட பட்சிராஜன். பறவைகளுக்காக ஒவ்வொரு கதவாத் தட்டித் தோத்துப்போற ஒரு முதியவர். அதே 2018-ல்தான் ‘பிளாக் பாந்தர்’ கில்மாங்கரும், ‘இன்ஃபினிட்டி வார்’ தானோஸும் வந்தாங்க. ‘வில்லன் சொல்றதுலயும் நியாயம் இருக்கே’னு உலகமே யோசிச்ச வருஷம். நம்ம ஊர் பட்சிராஜனையும் அந்த வரிசையில தாராளமா உட்கார வைக்கலாம்.

உறுத்துறது எது?

2010-ல் வந்த ‘எந்திரன்’ வெறும் கிராஃபிக்ஸ் படம் இல்ல. ஒரு மெஷினுக்கு மனசு வந்தா என்ன ஆகும்கிற கேள்விதான் அதோட உயிர். தீ விபத்துல ஒரு பொண்ணைக் காப்பாத்துற சிட்டிக்கு, அவளோட மானம்னா என்னன்னு புரியாது. அந்த ஒரு காட்சி நம்மள உலுக்கிடும். ‘2.0’-ல் சிட்டி சண்டை போடுது, ஜெயிக்குது. புதுசா எதையும் கத்துக்கல, எதையும் இழக்கல. அப்புறம் எப்படி நமக்கு வலிக்கும்?

க்ளைமாக்ஸை யோசிச்சுப் பாருங்க. புறா மேல ஏறி வர்ற குட்டி 3.0 ரோபோக்கள், அந்தப் புறாக்களையே பணயமா வெச்சு பட்சிராஜனை மடக்குது. பறவையை நேசிச்சவரைப் பறவையைக் காட்டி மிரட்டித்தான் ஹீரோ டீம் ஜெயிக்குது!

சரி, குருவியைக் கொன்னது யாரு?

படம் வர்றப்பவே செல்போன் நிறுவனங்களோட சங்கம், தப்பான தகவல் பரப்புறாங்கன்னு சென்சார் போர்டுக்குப் புகார் அனுப்புச்சு. ‘போன் விக்கிறவங்க வேற என்ன சொல்வாங்க?’னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அவங்களை விடுங்க, பறவை பார்க்கிறவங்க சொல்றதைக் கேட்போம்.

2020-ல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வந்துச்சு. 867 வகைப் பறவைகளை ஆராய்ஞ்சதுல 101 வகைக்கு உடனடி அக்கறை தேவைன்னு தெரிஞ்சது. அதாவது, பட்சிராஜனோட பதற்றம் சரி. ஆனா, சிட்டுக்குருவி? நாடு முழுக்கப் பார்த்தா அதோட எண்ணிக்கை பெருசா மாறல. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்கள்லதான் குறைஞ்சிருக்கு. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாததும், கூடு கட்ட இடுக்கு இல்லாததும் காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. டவர் கதிர்வீச்சுதான் காரணம்னு உறுதியான ஆதாரம் கிடைக்கல.

‘எதுவா இருந்தா என்ன, பறவை மேல அக்கறை வந்துச்சுல்ல?’னு விட்டுட முடியாது. பிணந்தின்னிக் கழுகுகளோட கதையைப் பாருங்க. 1990-கள்ல அதுங்க கூட்டம் கூட்டமா செத்துச்சு. மாட்டுக்குப் போடுற டைக்ளோஃபினாக் வலி மருந்துதான் காரணம்னு பின்னாடி விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாங்க. 2006-ல் அந்த மருந்தை மாட்டுக்குத் தர இந்தியா தடை போட்டுச்சு. சரியான குற்றவாளி சிக்கினதாலதான் சரியான சட்டம் வந்துச்சு. அன்னிக்கு எல்லாரும் டவரையே முறைச்சுட்டு இருந்திருந்தா?

இப்போ ட்விஸ்ட்!

அந்த 2020 அறிக்கைக்கு ஆதாரம் எது தெரியுமா? 15,500-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ‘இ-பேர்ட்’ தளத்துல ஏத்தின ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். இன்னிக்கு அதைச் செய்ய செல்போன் ஆப்பே போதும். பட்சிராஜன் பறிச்சுட்டுப் போன அதே போன்தான், பறவைகளுக்காகச் சாட்சி சொல்லுது!

2015-லிருந்து பொங்கல் நாள்கள்ல தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. 2011-லிருந்து தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல நீர்ப்பறவைகளையும் எண்ணுறாங்க. டிகிரி வேணாம், பெரிய கேமரா வேணாம். 15 நிமிஷம் ஒரே இடத்துல நின்னு, பார்த்த பறவையை எண்ணிப் பதிவு பண்ணணும். அவ்வளவுதான்.

அடுத்த சீசனுக்குத் தென்காசிப் பக்கம் வந்தா, சூரியகாந்திச் செடியை மிதிச்சு உள்ளே போகாம வரப்புல நின்னே ரீல்ஸ் எடுங்க. அது ஒருத்தரோட விளைச்சல். விதையைக் கொத்த வர்ற கிளிகளை எண்ணுங்க. பக்கத்துக் குளத்துல நத்தைக்குத்தி நாரை நிக்குதான்னு பாருங்க. போன வருஷம் நின்ன நாரை இந்த வருஷம் இல்லைன்னா, குளத்துக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. அந்தக் கேள்வியைக் கேட்க சிட்டி வர வேண்டியதில்ல, நீங்க போதும்.