மண்ணைக் கேட்பவர்கள் மக்களைக் கேட்க வேண்டாமா?

உதியன்குளங்கரையிலும் பாறசாலையிலும் குடியிருக்கும் நம் தொழிலாளர் குடும்பங்களில் பலவற்றுக்கு விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் உறவு உண்டு. பெண் கொடுத்ததும் எடுத்ததும் அங்கேதான். அந்த உறவுகளின் வாசலில் ஒரு திட்டம் வந்து நிற்கிறது. கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் அள்ள, மத்திய அரசின் இந்திய அருமணல் ஆலை திட்டமிட்டிருக்கிறது. கொல்லங்கோட்டுக் கரையைத் தாண்டினால் நம் பொழியூர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரைந்த எல்லைக்கோடு மனிதர்களுக்குத்தான். கடலுக்கும் மணலுக்கும் அது தெரியாது.

இந்த மணலின் கதை பழையது. 1909-இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அதில் மோனசைட் இருந்தது. மோனசைட்டிலிருந்து எடுத்த தோரியத்தால்தான் ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளின் வலைகள் ஒளிவிட்டன. பெர்லினும் லண்டனும் வெளிச்சமாயின. மண் சுமந்தவனின் குடிசையில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. மண் இங்கே, மதிப்பு அங்கே! ஏகாதிபத்தியத்தின் கணக்கு இதுதான்.

அந்தக் கணக்கு இன்றும் முடியவில்லை. காங்கோ 1960-இல் விடுதலை பெற்றது. உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் அந்த நாட்டின் மண்ணிலிருந்து வருகிறது. அதைச் சுத்திகரிப்பது பெரும்பாலும் சீனாவில். பேட்டரி ஓடுவது பணக்கார நாட்டின் காரில். வெறுங்கையால் குழி தோண்டும் காங்கோ ஏழைக்கு என்ன மிஞ்சுகிறது? கொடி மாறினால் மட்டும் போதாது. கனிமத்தின் கணக்குப் புத்தகமும் மக்கள் கைக்கு வர வேண்டும்.

நம் நாட்டில் அந்த வழியில் சில நல்ல அடிகள் வைக்கப்பட்டன. அருமணல் நிறுவனம் 1950-இல் தொடங்கியது. ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை 1952-இல் வந்தது. தனியார் மணல் அள்ளியதைத் தமிழக அரசு 2013-இல் தடை செய்தது. 2019-இல் கடற்கரை மணல் கனிமங்களை மத்திய அரசு பொதுத்துறைக்கே ஒதுக்கியது. இவற்றை நாம் வரவேற்கிறோம். தனியார் கொள்ளைக்குக் கதவைத் திறக்கும் எந்த வாதத்துக்கும் நாம் துணை போகமாட்டோம். ஆனால் பொதுத்துறை என்ற பெயர்ப் பலகை மாட்டிவிட்டால் பொதுமக்களைக் கேட்க வேண்டாம் என்று பொருளா?

கிள்ளியூர் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-ஆம் நாள் மக்கள் கருத்துக் கேட்பு நடத்துவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் அது தள்ளி வைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களும் முக்கியக் கனிமங்களும் எடுக்கும் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று விலக்கு அளித்தது. தமிழக முதல்வர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்ததும் கூட்டத்தையே ஒழித்துவிடுவது என்ன நியாயம்?

கரையோரத்து மக்கள் கேட்பது இரண்டே கேள்விகள். மணல் போனால் கடல் வீட்டுக்குள் வருமா? கதிர்வீச்சு நம் பிள்ளைகளைத் தொடுமா? இரண்டாவதைப் பற்றி நேர்மையாகப் பேசுவோம். கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் நீண்ட காலம் ஆய்ந்து, இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல் சொன்னது. அது மண்ணின் மேல் வாழ்கிறவர்களைப் பற்றிய முடிவு. மண்ணைப் பிரித்து, தூசியைச் சுவாசித்து வேலை செய்கிறவனைப் பற்றி அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வீண் பீதி கிளப்ப வேண்டாம்; ஆனால் குமரிக் கரைக்குத் தனி ஆய்வு வேண்டும், அதன் முடிவு தமிழில் வெளிவர வேண்டும்.

காந்தம் செய்யும் தொழிலுக்கு 2025 நவம்பரில் மத்திய அரசு 7,280 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அந்தக் காந்தத்துக்கு வேண்டிய அருமண் உலோகங்கள் மோனசைட்டில்தான் இருக்கின்றன. நல்லது. அந்த ஆலைகள் எங்கே எழும்? மண்ணைக் கொடுத்த ஊரின் பிள்ளைக்கு அதில் நிரந்தர வேலை உண்டா, அல்லது ஒப்பந்தக்காரனிடம் தினக்கூலிதானா?

நம் சங்கம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் எளியவை. கருத்துக் கேட்பைப் பறிக்கும் விலக்கை ரத்து செய்ய வேண்டும். கூட்டத்தைக் கடற்கரை ஊர்களிலேயே நடத்த வேண்டும். எல்லைக்கு இப்பால் உள்ள பொழியூர் மக்களையும் அழைக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியின் வரவு செலவை ஊர் ஊராகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கதிர்வீச்சுப் பதிவேடும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும்.

தோழர்களே, தாய்மார்களே! அடுத்த முறை கல்யாணத்துக்கோ அடியந்திரத்துக்கோ கொல்லங்கோடு போகும்போது இதைப் பற்றிப் பேசுங்கள். அவர்கள் போராட்டம் அக்கரைப் போராட்டம் என்று நினைத்து இங்கே நாம் சும்மா இருந்தால், நாளை நம் கரையில் மண்வெட்டி விழும்போது கேட்க ஆளிருக்காது.