துணிவுக்கு முன் தேர்வு



மரக்காணத்து உப்பளங்களில் வெண்குவியல்கள் உயர்ந்து நிற்கும் கோடைப் பருவம். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், என் பழைய மாணவர் ஒருவர் தம் தாயாருடன் என்னைக் காண வந்தார். இங்கிலாந்தில் பணிபுரிபவர், விடுப்பில் ஊர் வந்திருந்தார்.

"ஹஜ்ரத், இவன் அந்த ஊர்ல ஏதோ பந்தயத்துல சேரப் போறானாம். நீந்தணுமாம், சைக்கிள் மிதிக்கணுமாம், அதுக்கப்புறம் ஓடணுமாம். நீங்க சொன்னாக் கேப்பான். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அந்த உம்மா.

மகனோ தணிந்த குரலில், "போவதா, வேண்டாமா என்று கேட்க வரவில்லை ஹஜ்ரத். எந்தப் போட்டியைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கவே வந்தேன். நீங்கள் சொன்னால்தான் உம்மாவின் மனம் ஆறும்" என்றார்.

எனக்கும் நீச்சலுக்கும் உள்ள உறவு, சிறுவயதில் கழுவெளியின் ஓரத்தோடு முடிந்தது. ஆயினும் மூன்று நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, அவர் தந்த விவரங்களைப் படித்தேன். பிள்ளைகள் அயல்நாட்டில் வாழும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். இன்று ஒரு வீட்டுக்கு வந்த கேள்வி நாளை உங்கள் வீட்டுக்கும் வரலாம். எனவே, அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதே ட்ரையத்லான். அதன் நெடுந்தூர வகையில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும், 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும், அதன்மேல் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை வரை சென்று, பாதி வழி திரும்பி வருவது சைக்கிளுக்கான தூரம். ஓட்டமோ இங்கிருந்து புதுச்சேரியையும் தாண்டிவிடும். பொதுவாக இவையனைத்துக்கும் 17 மணி நேரமே கெடு. 1978இல் ஹவாயில் இப்போட்டி முதன்முதலில் நடந்தபோது புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர்.

இவற்றைப் படித்தபோது, அந்த உம்மாவின் பக்கமே நியாயம் என்றுதான் முதலில் தோன்றியது. என் நினைவில் எழுந்தவர் ஆழிக்குமரன் ஆனந்தன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பிறந்த அவர், 1971இல் பாக் நீரிணையை இங்குமங்குமாக நீந்திக் கடந்த மாவீரர். அத்தகையவர் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். பத்தே ஆண்டுகளுக்குப் பின், 1994இல், தமிழகத்துச் சிறுவர் குற்றாலீசுவரன் அதே கால்வாயைத் தமது 12ஆம் வயதில் நீந்திக் கடந்தார். ஒருவரைத் தன்னுள் கொண்ட நீர், மற்றொருவருக்கு வழிவிட்டது. இருவரில் எவருக்கும் துணிவில் குறைவில்லை. துணிவு ஒன்றே போதும் என்று எண்ணும் இளைஞர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

சிந்திக்க வேண்டியவற்றுள் முதலாவது, குளிர். நம் வங்கக் கடலின் நீர் கோடையில் 28, 29 டிகிரி வெப்பத்தில் இருக்கும். ஆங்கிலக் கால்வாயோ ஆகஸ்டிலும் 15 முதல் 18 டிகிரிதான். காற்றைவிட நீர் உடலின் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கவர்ந்துகொள்ளும். கால்வாயை நீந்துவோர் மரபுப்படி சாதாரண நீச்சலுடையோடுதான் இறங்க வேண்டும். ட்ரையத்லானில் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் ரப்பர் உடைக்கு அனுமதி உண்டு. நீர் மிகக் குளிர்ந்திருந்தால் அது கட்டாயமும்கூட. உடலை மறைக்கும் உடையை விரும்பும் நம் பெண்மக்களுக்கும் இது பொருத்தமான செய்தி.

இரண்டாவது, இடம். நாட்டிங்காம் நகரின் ஹோம் பியர்பாயிண்ட் நீர்விளையாட்டு மையத்தில் 2010இல் தொடங்கியது அவுட்லா என்னும் போட்டி. படகுப் பந்தயத்துக்காக அமைத்த, அலையற்ற நேரான ஏரியில் நீச்சல்; பெரும்பாலும் சமதரையான சாலை. போல்ட்டன் நகரில் 2009 முதல் பல ஆண்டுகள் நடந்த போட்டியோ மேடும் பள்ளமுமான குன்றுச் சாலைகளுக்குப் பெயர்பெற்றது. கெஸ்விக்கில் 2016இல் தொடங்கிய லேக்ஸ்மேன் போட்டிக்கு மலைசூழ்ந்த டெர்வென்ட்வாட்டர் ஏரி களமானது. ஜூன் மாதத்தில் மலையேரியின் நீர் முழுதும் சூடேறியிராது. தூரம் ஒன்றே, ஆனால் போட்டி ஒன்றன்று. சமவெளி உப்பளக் கரையில் சைக்கிள் பழகியவர் முதன்முறையாகக் குன்றுகளைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை ஆகாது. இங்கிலாந்திலும் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் செல்வது வழக்கம் என்பது ஓர் ஆறுதல்.

மூன்றாவது, காலம். ஜூலையில் நாட்டிங்காமில் சூரியன் மறைய இரவு 9.30 ஆகிவிடும். காலை 6 மணிக்குப் புறப்பட்டு இரவு வரை ஓடுபவருக்கு லுஹர், அஸர், மஃக்ரிப் மூன்றும் போட்டிக்குள்ளேயே வரக்கூடும். பயணியின் தொழுகை பற்றித் தம் மத்ஹபின் சட்டத்தை முன்னரே கேட்டறிந்து, எங்கே நின்று தொழுவது என்பதையும் திட்டமிட வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் பதக்கம் பறிபோகாது. 2015இல் ரமழான் அந்நாட்டின் நெடும்பகல் மாதங்களில் வந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்ந்து, 2030ஐ ஒட்டிக் குளிர்காலத்துக்குச் சென்றுவிடுகிறது. ஆகவே, ஜூலைப் போட்டிக்கான கடும்பயிற்சி இவ்வாண்டுகளில் நோன்போடு மோதாது.

நான்காவது, உப்பு. நாள் முழுதும் வியர்வை சிந்துபவர் வெறும் நீரையே மிகுதியாகக் குடித்தால், இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். வெயிலில் உழைப்பவர் உப்பிட்ட கூழும் மோரும் குடிப்பது வீண் பழக்கமன்று.

ஐந்தாவது, வீடு. நுழைவுக் கட்டணம் மட்டுமே பல நூறு பவுண்டு. சைக்கிள், உடை, பயணம் ஆகியவை தனி. கடன் வாங்கியோ, தங்கையின் திருமணத்துக்கெனச் சேர்த்ததைத் தொட்டோ ஓடும் ஓட்டத்தில் பரக்கத் இருக்குமா? இதை நான் கேட்டபோது மாணவர் தலைகுனிந்தார். உம்மா அறியாத செய்தி ஒன்று அங்கே இருந்தது என்பதை உணர்ந்தேன். அதற்குமேல் நான் கேட்கவில்லை. இரவில் அவரே தாயிடம் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் இருவரையும் உப்பளத்துக்கு அழைத்துச் சென்றேன். உவர்நீரை எடுத்த எடுப்பில் கடைசிப் பாத்தியில் பாய்ச்சி எவரும் உப்பு வாருவதில்லை. ஒரு பாத்தியில் வெயில் காய்ந்து, அடுத்ததில் இன்னும் செறிந்து, பாமே அளவில் 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கிறது. "உன் உடம்பையும் இப்படிப் பாத்தி பாத்தியாகக் கொண்டு போ, தம்பி" என்றேன்.

இப்போது அவருடைய முடிவு இது: இவ்வாண்டு பெரிய போட்டி இல்லை. முதலில் மருத்துவப் பரிசோதனை; பின்னர் அந்நாட்டு ஏரிகளில், துணையோடு, குளிருக்குப் பழகுதல். அடுத்த ஆண்டு பாதித் தூரம். அதற்கும் அடுத்த ஆண்டு, தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில், நாட்டிங்காம். இடையில் உடம்பு மறுத்தால், திரும்பிவிடுவதாகத் தாய்க்கு வாக்களித்திருக்கிறார். 2019 முதல் கோவாவிலும் பாதித் தூரப் போட்டி நடந்துவருகிறது. விடுப்பு வாய்த்தால் அங்கேயே முதற்படி வைப்பதும் நல்லது. உம்மாவும் கரையில் நின்று பார்க்கலாம்.

பெற்றோரே! பிள்ளைகளின் ஆசையைக் கேட்ட மாத்திரத்தில் "வேண்டாம்" என்று கதவடைக்காதீர்கள். எது, எப்போது, எதைக்கொண்டு என்று கேளுங்கள். இளைஞர்களே! அந்தக் கேள்விகளை அவநம்பிக்கை என்று எண்ணாதீர்கள். உடலும் பெற்றோரும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள்.

விடைபெறும்போது அந்த உம்மா என்னிடம், "வேண்டாம்னு சொல்லச் சொன்னேன், நீங்க நாள் குறிச்சுக் கொடுத்துட்டீங்களே ஹஜ்ரத்" என்றார். முகத்தில் சிறு புன்னகை இருந்தது. அவருக்காகவும் அவர் மகனுக்காகவும் துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.