வாசற்படியில் நிற்கும் குடித்தனக்காரர்

மதுரை மாநகரில் ஒரு குடும்பம் வாடகைக்கு வீடு தேடிப் புறப்பட்டால், அறை எத்தனை, தண்ணீர் எப்படி, வாடகை யாது என்று தான் கேட்பதற்கு முன்னால், வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளுக்கு அது பதில் சொல்லியாக வேண்டும். எந்த ஊர்? என்ன உத்தியோகம்? எத்தனை பேர்? கவிச்சி சமைப்பதுண்டா? கடைசியில், சில வேளைகளில் முதலிலேயே, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற வினா. இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்துச் சாவி கைக்கு வருகிறது. அல்லது, "நேற்றுத்தான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்" என்ற மரியாதையான பொய் வருகிறது. பலகை மட்டும் மறுநாளும் அதே கதவில் தொங்குகிறது.

"வீட்டை உடையவர் தமக்கு இஷ்டமானவருக்கே விடுவார், இதில் ஸர்க்காருக்கும் பத்திரிகைக்கும் என்ன வேலை?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. வாடகை விஷயத்தில் தமிழ்நாட்டில் இன்று அமலில் உள்ள சட்டம் முழுவதும் ஒரே தூணின்மேல் நிற்கிறது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அத்தூண் ஒப்பந்தம். இரு கட்சியாரும் மனமொத்து எழுதிக்கொள்வது எதுவோ அதுவே நியாயம் என்பது அதன் சித்தாந்தம். ஒருவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டும், மற்றவர் பெண்டு பிள்ளைகளுடன் வாசற்படியில் நின்றுகொண்டும் செய்யும் ஒப்பந்தம் மனமொத்த ஒப்பந்தமாகாது என்பதே நமது கட்சி.

சட்டம் வந்த வழியைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்வது நலம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வீடுகளுக்குப் பஞ்சம் ஏற்பட்டு வாடகை ஏறவே, 1941-ல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. யுத்தம் முடிந்தும் பஞ்சம் முடியவில்லை. 1946-லும் 1949-லும் சட்டங்கள் செய்யப்பட்டு, 1960-ம் வருஷத்து 18-வது சட்டமாக அது நிலைபெற்றது. நியாய வாடகை இன்னதென்று அதிகாரி நிர்ணயிக்கலாம். சட்டத்தில் சொல்லிய காரணங்களாலன்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. இவ்விரண்டும் அதன் உயிர்நாடி. குறைகளும் இருந்தன, ஏராளமாக. பாட்டன் காலத்து வாடகைக்குக் கடையைப் பிடித்துக்கொண்டு, அதையே உள்வாடகைக்கு விட்டு லாபம் பார்த்தவர்களை மாசி வீதிக்காரர் அறிவர். விட்ட வீடு திரும்பாது என்ற பயத்தால் பூட்டியே வைத்திருந்தவர்களையும் அறிவர். சமய, தர்ம ஸ்தாபனங்களின் கட்டடங்களுக்கு 1970-களிலேயே விலக்களிக்கப்பட்டு, 1985-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டுவிட்டபடியால், கோயில் கட்டடங்களில் குடியிருந்தவர்மீது அச்சட்டத்தின் நிழல் பிற்காலத்தில் படவேயில்லை. ஆகவே பழைய சட்டத்தை அப்படியே மீட்டுத் தரவேண்டும் என்று நாம் வாதாடவில்லை. 2017-ம் வருஷத்து 42-வது சட்டம் 2019 பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்து பழையதை நீக்கிற்று. நியாய வாடகை என்ற பேச்சே போயிற்று. போனதற்கு ஈடாக வந்தது என்ன என்பதுதான் கேள்வி.

மதுரைக்கு இக்கேள்வி மற்ற ஊர்களைக் காட்டிலும் உறைப்பாகவே படுகிறது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது, அவ்வேலையில் கைகொடுத்தவர்களுக்கு அம்மனையே கொடுக்கப்பட்டது; வெளி வீதிகள் உண்டாயின; மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கின்றன. நெருக்கடியிலிருந்த ஊர் அன்று வெளியே விரிந்து மூச்சுவிட்டது. இன்று கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்குமேல் கட்டடம் எழும்பக் கூடாது என்பது ஸர்க்கார் விதி. கோபுரத்தின் காட்சி மறையாமலிருக்க அது அவசியம்; அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் மேலே கட்ட முடியாத வீட்டை உடையவர், அதைக் குடித்தனத்துக்கு விடுவதைக் காட்டிலும் விடுதியாகவோ, கிட்டங்கியாகவோ, ஜவுளிக் கடையாகவோ ஆக்கினால் பன்மடங்கு பணம் பார்க்கிறார். எஞ்சியிருப்பவை பழைய வளவுகளும், ஒரே குழாயடியையும் கக்கூஸையும் பலர் பங்கிட்டுக்கொள்ளும் காம்பவுண்டு வீடுகளுமே. விளக்குத்தூண் பக்கத்துக் கடைச் சிப்பந்தியும், டவுன்ஹால் ரோட்டு ஹோட்டல் தொழிலாளியும், கீழமாசி வீதியில் மூட்டை சுமப்பவரும் அவனியாபுரத்துக்கும் ஆனையூருக்கும் போய்க் குடியேறி, முதல் பஸ்ஸையும் கடைசி பஸ்ஸையும் நம்பிப் பிழைக்க வேண்டியிருக்கிறது. 2004-ல் ஹைகோர்ட் கிளை திறக்கப்பட்ட பிறகு ஒத்தக்கடைப் பக்கமும் வயற்காட்டு விலை மனைக்கட்டு விலையாகிவிட்டது. இது நம் வக்கீல் வர்க்கம் ஊருக்குச் செய்த உபகாரம்!

இனி முன்பணத்தைப் பார்ப்போம். புதிய சட்டத்தின் 11-வது பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேற்பட்டு முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. படிப்பவர் மகிழ்ச்சியடையலாம். ஆனால் அப்பிரிவின் வாயிலிலேயே, இதற்கு மாறாக ஒப்பந்தம் இருந்தாலன்றி, என்ற ஒரு சிறு வாசகம் உட்கார்ந்திருக்கிறது. 8,000 ரூபாய் வாடகை வீட்டுக்குச் சட்டப்படி 24,000 ரூபாய்தான் முன்பணம். வீட்டுக்காரர் பத்து மாத வாடகை கேட்டு 80,000 என்று பத்திரத்தில் எழுதி, அதில் குடித்தனக்காரர் கையெழுத்தையும் வாங்கிவிட்டால், அதுவே மாறான ஒப்பந்தம். சட்டவிரோதம் அப்போதே சட்டபூர்வமாகிவிடுகிறது. கையெழுத்துப் போடமாட்டேன் என்பவருக்கு வீடு இல்லை. ஒரு கையால் பூட்டி மறு கையால் சாவியையும் கதவிலேயே விட்டுச்செல்லும் இத்தகைய ஷரத்தை எழுதியவர்களின் சாமர்த்தியத்தை என்னென்பது! வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. வெள்ளையடித்த செலவு, ஆணியடித்த சேதம் என்று கழித்துக் கொடுக்கப்படும் மிச்சத்தை வாங்கியவர்களே அதன் மதிப்பைச் சொல்ல வேண்டும்.

முன்பணத்தைக் காட்டிலும் ஆபத்தானது நம் ஜில்லாவில் பெருவழக்காயிருக்கும் ஒத்தி. மாத வாடகை இல்லை. மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருஷம் குடியிருந்து, போகும்போது அதே தொகையைத் திரும்பப் பெறுவது. வட்டிக்கு வாடகை சரியாய்ப் போயிற்று என்பது கணக்கு. மகளின் நகையை விற்றும், சங்கத்தில் கடன் வாங்கியும் இத்தொகையைச் சேர்ப்பவர் பலர். இது உண்மையில் அனுபவ அடமானம். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேலுமான இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். நடப்பதோ, ஒரு முத்திரைத் தாளும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும்தான். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருந்து, தவணை தவறி, 2002-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் வங்கி அதைக் கைப்பற்ற வரும்போது, பதிவில்லாத அந்தத் தாளை நீட்டிக்கொண்டு நிற்பவரின் நிலைமையை வர்ணிக்க வேண்டுவதில்லை. வீடும் போய், பணமும் வீட்டுக்காரரின் நாணயத்தை நம்பி நிற்கும். ஒத்திக்குப் போகுமுன் வில்லங்க சர்ட்டிபிகேட் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்க வேண்டாம் என்று நண்பர்கள் தத்தம் தெருவில் சொல்லி வைப்பார்களாக.

எழுத்து மூலமான பத்திரத்தையே புதிய சட்டம் வற்புறுத்துகிறது என்பது வாஸ்தவம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும். சச்சரவு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. இவையெல்லாம் நல்ல ஷரத்துக்களே. (மின்சாரம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் ஸர்க்கார் அறிவித்த சலுகை, உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகளில் வீட்டுக்காரரின் வரும்படியாய் முடிந்துவிடுகிறது.) ஆனால் பத்திரம் எழுதாவிட்டால் என்ன ஆகும்? 21-வது பிரிவு பதில் சொல்கிறது: பத்திரம் எழுதிக்கொள்ளத் தவறியது குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாம். எழுதாத குற்றம் இருவருக்கும் பொது. தெருவுக்கு வருவது ஒருவர் மட்டும். பத்திரம் கேட்கும் குடித்தனக்காரரை, "இவ்வளவு சட்டம் பேசுகிறவர் நமக்குச் சரிப்படமாட்டார்" என்று அனுப்பிவிடும் வீட்டுக்காரர், பத்திரம் இல்லை என்ற காரணத்தையே பின்னால் மற்றொருவருக்கு விரோதமாகக் காட்டலாம். இதைச் சட்டசபையார் யோசித்துத்தான் செய்தார்களா?

இவையெல்லாம் கதவு திறந்த பிற்பாடு வரும் கஷ்டங்கள். கதவே திறக்காதவருக்கு எந்தப் பத்திரமும் உதவாது. 1939 ஜூலை 8-ந் தேதி வக்கீல் ஸ்ரீ வைத்தியநாத ஐயர் தலைமையில் ஸ்ரீ கக்கன் உள்ளிட்ட தோழர்கள் மீனாக்ஷியம்மன் சந்நிதிக்குள் பிரவேசித்தார்கள். கோயில் கதவு அன்று திறந்தது. அக்கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வீட்டுக் கதவு இன்றும் திறக்க மறுக்கிறது. ஆதி திராவிட வகுப்பில் பிறந்த ஓர் ஆசிரியர், கையில் சம்பளச் சீட்டும் நற்சாட்சிப் பத்திரமும் வைத்துக்கொண்டு தெருத் தெருவாய் அலைகிறார். முஸ்லிம் குடும்பத்துக்கு ஒரு தெரு, மற்றவருக்கு ஒரு தெரு என்று தரகரே பிரித்துக் காட்டுகிறார். தனியாயிருக்கும் பெண்ணுக்கும், கலியாணமாகாத வாலிபர்களுக்கும் இல்லையென்று சொல்வதில் எல்லாத் தெருவும் ஒற்றுமை.

அரசியல் சாசனத்தின் 15-வது ஷரத்து கடை, ஹோட்டல், கிணறு, குளம், பாதை இவற்றில் ஜாதி மத பேதம் பாராட்டக் கூடாதென்கிறது. தனியார் வாடகை வீட்டை அது குறிப்பிடவில்லை. 1955-ம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது, தீண்டாமை காரணமாக ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றமாக்கி, ஒரு மாதத்துக்குக் குறையாத சிறைவாசத்தையும் விதித்திருக்கிறது. ஆயுதம் உண்டு, ஆனால் "நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்ற பொய்யின் முன் அது முனை மழுங்கிவிடுகிறது. மேலும், 2005-ல் பார்ஸிகளின் வீட்டுவசதி சங்க வழக்கில், தன் சமூகத்தாரை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் சங்க விதி செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குத் தலைவணங்குகிறோம், ஆனால் அந்த வாதம் அக்ரகாரத்துக்கும் வளவுக்கும் பொருந்துமானால், ஊரில் மிச்சமிருக்கும் தெருக்களை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

தனியார் சொத்தில் இதற்குமேல் ஸர்க்கார் எப்படித் தலையிடும் என்று கேட்போருக்கு, நம் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் ஒரு காலத்தில் நன்றாக அறிந்திருந்த ஒல்லாந்தரின் தேசத்தைக் காட்டலாம். அங்கும் சிறு ஊர்களின் பழைய நடுவீதிகளில் வீடு அரிது, தேடுவோர் அதிகம். 2023 ஜூலை 1 முதல் அங்கே நல்ல வீட்டுக்காரர் சட்டம் ஒன்று அமலிலிருக்கிறது. முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது. எழுத்து மூலமான பத்திரம் கட்டாயம். குடித்தனக்காரரை எந்த முறையில் தெரிந்தெடுக்கிறோம் என்பதை வீட்டுக்காரரும் தரகரும் வகுத்து வைத்து, பேதம் பாராட்டாமல் நடக்க வேண்டும். மீறினால் நகரசபையே அபராதம் போடும். 2024 ஜூலையிலிருந்து, வீட்டின் பரப்பு, சமையலறை, குளியலறை முதலியவற்றுக்குப் புள்ளி கணக்கிட்டு, 186 புள்ளி வரையுள்ள வீடுகளுக்கு வாடகையின் உச்ச வரம்பையும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இதனால் சிறு வீட்டுக்காரர் பலர் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார்கள் என்ற புகாரும் அங்கே பலமாக எழுந்திருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நமக்குச் சம்மதமில்லை. வாடகை வரம்பை நாம் இன்று கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அச்சட்டத்திலேயே மற்றொரு நியாயமும் இருக்கிறது: புராதனச் சின்னமாக ஸர்க்கார் காத்துவரும் கட்டடத்துக்கு, கணக்கில் வந்த வாடகைக்குமேல் 35 சதவீதம் வாங்கிக்கொள்ள உடையவருக்கு அநுமதியுண்டு. ஊருக்காக ஒருவர் பொறுத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுக்கு ஊர் ஏதேனும் ஈடு செய்கிறது. நம் ஆவணி மூல வீதி வீட்டுக்காரருக்கு 9 மீட்டர் விதியைத் தவிர வேறென்ன கிடைத்தது? அவ்வெல்லைக்குள் குடித்தனத்துக்கே விடப்படும் வீடுகளுக்கு மாநகராட்சி வீட்டு வரியில் கணிசமான பகுதியைத் தள்ளிக்கொடுத்தால், விடுதியாக மாறும் வேகம் கொஞ்சமாவது தணியும்.

வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் லக்ஷாதிபதிகளல்லர் என்பதும் நமக்குத் தெரியும். பென்ஷன் பணத்தில் மாடி எடுத்து, அந்த வாடகையில் மருந்து வாங்கும் விதவைகளும் வயோதிகர்களும் உண்டு. வாடகை கொடாமல் வழக்காடுபவரிடம் அவர்கள் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது. தவணை முடிந்தால் வீடு சீக்கிரம் திரும்ப வேண்டும். புதிய சட்டம் அவர்களுக்கு அளித்துள்ள அந்தப் பாதுகாப்பில் ஓர் எழுத்தையும் குறைக்கும்படி நாம் சொல்லவில்லை.

நாம் கேட்பது மூன்று திருத்தங்கள். 11-வது பிரிவிலுள்ள மாறான ஒப்பந்தம் பற்றிய வாசகத்தை எடுத்துவிட வேண்டும். பத்திரம் எழுதாமைக்கு வீட்டுக்காரரே காரணமாயிருந்தால், அக்காரணத்தைக் காட்டி அவர் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாதென்று 21-வது பிரிவில் சேர்க்க வேண்டும். ஜாதி, மதம் காரணமாக வீடு மறுப்பதையும், அப்படி மறுக்கும் பொருட்டு விசாரிப்பதையும் தடுத்து, வாடகை அதிகாரியே அபராதம் விதிக்கும்படி புதுப் பிரிவொன்று வேண்டும். மதுரையைச் சேர்ந்த சட்டசபை அங்கத்தினர்கள், எக்கட்சியினராயினும், இம்மசோதாவைக் கொண்டுவர முன்வருவார்களானால், நகலை எழுதிக் கொடுக்க இவ்வூர் வக்கீல்களில் பலர் ஊதியமின்றி உழைப்பார்கள். வார்டு தோறும் நண்பர்கள் ஐந்து பேர் கூடி, தங்கள் தெருவில் முன்பணம் எத்தனை மாதம், பத்திரம் உண்டா, ஒத்தி பதிவாயிற்றா என்று வீடு வீடாய்க் கேட்டுக் குறித்து அனுப்பினால், பெயர்களை வெளியிடாமல் கணக்கை மட்டும் இப்பத்திகளில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.