கலைமகளிர்க்கு மூப்பும் குற்றமோ?

பிறந்தவர் அனைவரும் மூப்பர் என்பது இயற்கை வகுத்த நெறி. அரசர்க்கும் ஆண்டிக்கும் அதில் வேறுபாடு இல்லை. எனினும் நம் காலத்தில் ஒரு கூட்டத்தார்க்கு மட்டும் இந்நெறியே குற்றச்சாட்டாக மாற்றப்பட்டுள்ளது. திரையில் நடிக்கும் பெண்களே அக்கூட்டத்தார். நாற்பதைக் கடந்த நடிகையின் முகத்தில் ஒரு சுருக்கம் தெரிந்தால், “வயதாகிவிட்டது, இன்னும் ஏன் நடிக்கிறார்?” என்கிறது உலகம். மருத்துவரை நாடி அச்சுருக்கத்தை அவர் நீக்கிக்கொண்டாலோ, “போலி முகம், கத்தி தந்த அழகு” என்கிறது அதே உலகம். முதல் தீர்ப்புக்கு அஞ்சி ஓடியவரை இரண்டாம் தீர்ப்பு வழிமறிக்கிறது. எப்பக்கம் திரும்பினும் தண்டனை உண்டு, விடுதலை இல்லை. இத்தகைய வழக்குமன்றத்தை நாட்டு மக்களே கூடி நடத்துவது முறையோ என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. முறையன்று என்பதே நம் விடை.

கோவலன் தொடங்கிய வழக்கு

இவ்வழக்கு புதியதன்று. சிலப்பதிகாரத்தைக் கற்றோர் இதன் வேரை அறிவர். மாதவி ஐந்தாம் அகவையில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் தலைக்கோற் பட்டமும் பெற்றாள். அவள் ஆடலில் மயங்கித்தான் கோவலன் அவள் மனை புகுந்தான். பிரிந்தபின் அவன் கூறிய குற்றச்சாட்டு யாது? வேனிற்காதையில் அவளது திருமுகத்தை ஏற்க மறுக்கும் கோவலன், அவள் தன்னிடம் காட்டிய அன்பையெல்லாம் எண்வகை வரிக்கூத்தாக எண்ணி எண்ணிச் சொல்லி, ஆடல் மகளாதலின் இவையெல்லாம் அவளுக்கு இயல்பே என்று முடிக்கிறான். நடிப்பை விரும்பி வந்தவனே நடிப்பைக் குற்றமாக்குகிறான். எதனைப் பொன் கொடுத்து வாங்கினானோ அதனையே பழியாகத் திருப்பித் தருகிறான்.

இன்றைய மக்கள்திரளின் தீர்ப்பும் இத்தகையதே. என்றும் பதினாறாய் இருக்க வேண்டும் என்று கேட்பவர் நாட்டார். அவ்வாறு இருப்பதற்கு ஒருத்தி முயன்றால், அது பொய்யென்று தூற்றுபவரும் அவரே.

கணக்கு காட்டும் உண்மை

உணர்ச்சியால் பேசுகிறோம் என்று எவரும் எண்ணற்க. அலுவலகக் கோப்புகளில் பிறந்த நாளைச் சரிபார்த்துப் பழகியவர் நாம். ஆகவே பிறந்த ஆண்டுகளையே சான்றாக வைக்கிறோம்.

நடிகை ஸ்ரீவித்யா பிறந்தது 1953. 1975-இல் வெளிவந்த ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில், அவரைக் காதலிக்கும் இளைஞராகக் கமல்ஹாசனும் அவரைப் பிரிந்து சென்ற கணவராக ரஜினிகாந்தும் நடித்தனர். பதினான்கு ஆண்டுகள் கடந்தன. 1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் ஸ்ரீவித்யா கமல்ஹாசனுக்குத் தாய். 1991-இல் ‘தளபதி’ படத்தில் ரஜினிகாந்துக்கும் தாய். கமல்ஹாசன் பிறந்தது 1954. ரஜினிகாந்த் பிறந்தது 1950. தன்னினும் ஓராண்டே இளையவர்க்கும், தன்னினும் மூத்தவர்க்கும் அவர் தாயானார். ஆடவர் இருவரும் கதைத்தலைவராகவே நின்றனர். பெண்ணொருத்தி மட்டும் ஒரு தலைமுறையைத் தாண்டி மூத்துவிட்டாள்.

நம் தீவினர்க்கு நெருங்கிய சான்றொன்றும் உண்டு. 1978-இல் வெளிவந்த ‘அந்தமான் காதலி’யை இங்குள்ள மூத்தோர் மறந்திரார். இத்தீவின் கடலும் கரையும் தமிழ்த்திரைக்கு அறிமுகமானது அப்படத்தால். அதில் இணைந்து நடித்த சிவாஜி கணேசனுக்கு அப்போது அகவை 49, சுஜாதாவுக்கு 25. அதற்கு முந்திய ஆண்டில் ‘அவர்கள்’ படத்தில் ரஜினிகாந்தின் மனைவியாக நடித்தவரும் இதே சுஜாதாவே. 2002-இல் ‘பாபா’ படத்தில் அவர் ரஜினிகாந்தின் தாய். மகனாக நடித்தவர் தாயாக நடித்தவரினும் இரண்டாண்டு மூத்தவர்!

மறுபுறத்தையும் நோக்குவோம். 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தபோது எம்.ஜி.ஆருக்கு 48, ஜெயலலிதாவுக்கு 17. 1984-இல் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ படத்தில் குழந்தையாக நடித்த மீனா, 1993-இல் ‘எஜமான்’ படத்தில் அதே ரஜினிகாந்துக்குத் துணைவியானார். 1981-இல் ‘நெற்றிக்கண்’ படத்தில் அவருடன் நடித்தவர் மேனகா. 2021-இல் ‘அண்ணாத்த’ படத்தில் அவருக்குத் தங்கையாக நடித்த கீர்த்தி சுரேஷ், அம்மேனகாவின் மகள்.

இவற்றால் அந்நடிகர்களை இகழ்வது நம் நோக்கமன்று. ரஜினிகாந்த் வழுக்கைத் தலையும் நரைத்த தாடியுமாகப் பொதுமேடையில் தோன்றுகிறார். அவர்தம் எளிமையை நாடு போற்றுகிறது. போற்றட்டும், அது தகும். 1996-இல் ‘இந்தியன்’ படத்தில் முதியவராக ஒப்பனை செய்து நடித்த கமல்ஹாசனுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதுவும் தகும். ஆடவன் முதுமையைப் புனைந்தால் கலை. உண்மையாக மூத்தால் எளிமை. பெண்ணொருத்தி அவ்வாறே நரைத்த தலையுடன் வந்து நின்றால், அச்சொல் அவளுக்குக் கிடைக்கிறதா? “ஐயோ, எப்படி இருந்தவர்!” என்னும் இரக்கமன்றோ கிடைக்கிறது?

ஒரு சாவும் மூன்று நாட்களும்

நடிகை ஸ்ரீதேவியின் வாழ்வு இவ்வநீதியின் முழு வரலாறு எனலாம். 1963-இல் பிறந்தவர், 1969-இல் ‘துணைவன்’ படத்தில் குழந்தை முருகனாகத் தோன்றியவர். 1976-இல் ‘மூன்று முடிச்சு’ வந்தபோது அவருக்கு அகவை 13. அப்படத்தில் 25 அகவையினரான ரஜினிகாந்துக்கு அவர் சிற்றன்னை முறையாகிறார். விளையாட வேண்டிய பருவத்தில் மூத்தவளாக்கப்பட்ட அதே பெண்ணிடம், ஐம்பதை நெருங்கியபோது, “ஏன் இளமை குன்றினாய்?” என்று கேட்டது இவ்வுலகம். பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப்பின் 2012-இல் ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ படத்தில், ஆங்கிலம் அறியாமையால் தன் வீட்டாராலேயே எள்ளப்படும் இல்லத்தரசியாக அவர் நடித்தார். அந்நடிப்பின் நுட்பத்தைப் பேசியோர் உண்டு. அவர் மூக்கையும் உதட்டையும் பழைய படங்களோடு ஒப்பிட்டோர் அதனினும் பலர்.

2018 பிப்ரவரி 24 அன்று துபாயில் அவர் உயிர் நீத்தார். நினைவிழந்து குளியல் தொட்டி நீரில் மூழ்கியமையே காரணம் என்று அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தனர். அவ்வறிவிப்பு வருமுன்னரே, அழகுக்காகச் செய்துகொண்ட அறுவைகளே அவரைக் கொன்றன என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. உடல் மும்பைக்கு வந்து சேர மூன்று நாட்களாயின. அம்மூன்று நாட்களும் ஒரு தாயை இழந்த இரு பெண்மக்கள் எவற்றையெல்லாம் கேட்டிருப்பர்! அவர் அறுவை செய்துகொண்டாரா இல்லையா என்னும் ஆராய்ச்சி நமக்கு வேண்டுவதன்று. செய்துகொண்டிருப்பினும் அது அவர் உடல், அவர் பொருள், அவர் முடிவு.

முன்பெல்லாம் இத்தகைய வம்புகள் நம் தீவுக்குக் கப்பலேறி வந்தன. சென்னையில் அச்சான இதழ் மூன்று நாள் கடலில் மிதந்து இங்கு வந்து சேர்வதற்குள் செய்தியின் சூடு ஆறிவிடும். 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சற்றொப்ப 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் பயன்பாட்டுக்கு வந்தது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் அது பெருந்துணை, ஐயமில்லை. ஆயினும் அபர்தீன் கடைவீதியில் நிற்பவரும் டிக்லிபூரில் இருப்பவரும் நொடிப்பொழுதில் ஒரு பெண்ணின் முகத்துக்குத் தீர்ப்பெழுத வல்லவராயினர். விரைவு வந்தது, பொறுப்பு வரவில்லை.

மருத்துவம் பகையன்று

அறுவை மருத்துவத்தையே நாம் பழிக்கிறோம் என்று கருதிவிடலாகாது. சிதைந்த மூக்கைச் சீரமைக்கும் முறையைச் சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூலே கூறுகிறது. 1946-இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவையால் மீண்டும் அசைவு தந்தார். அவரும் அவர்தம் குழுவினரும் சீரமைத்த முகங்களோடு மீண்டும் ஊருக்குள் நடமாடியோர் பலர். மனிதனை மனிதரோடு சேர்த்து வைக்கும் மருத்துவம் அது.

ஆனால் அச்சத்தால் நாடும் மருத்துவம் வேறு. 2015 சூன் திங்களில் தெலுங்குத் திரை நடிகை ஆர்த்தி அகர்வால் தம் 31-ஆம் அகவையில் அமெரிக்காவில் இறந்தார்; உடற்கொழுப்பை உறிஞ்சி நீக்கும் சிகிச்சையைச் சில வாரங்களுக்கு முன்னர் அவர் செய்துகொண்டிருந்தார். 2022 மே திங்களில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கும் அறுவைக்காகப் பெங்களூரில் மருத்துவமனை சென்றவர், உயிரோடு திரும்பவில்லை. அவருக்கு அகவை 21. இருபத்தொன்றில் ஒரு பெண் தன் உடலுக்கு அஞ்சினாள் என்றால், அவ்வச்சத்தை விதைத்தவர் யார்?

மேலும் ஒன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலே வகுத்தார். உள்ளத்து உணர்வு மெய்யில் தோன்றுவதே மெய்ப்பாடு. நடிகைக்குப் புருவமும் நெற்றியும் யாழின் நரம்புகள். இன்று பெருவழக்காயுள்ள போட்டாக்ஸ் ஊசியோ, நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை இடையில் தடுப்பது. மூன்று நான்கு திங்கள் அத்தசை அடங்கிக் கிடக்கும். பின்னர் மீண்டும் ஊசி. நெற்றிச் சுருக்கத்தைப் பொறாத சமுதாயம், கலைஞர் தம் கருவியின் நரம்பைத் தாமே தளர்த்திக்கொள்ளுமாறு செய்கிறது. பிறகு, “முகத்தில் உணர்ச்சியே இல்லை” என்று குறை கூறுகிறது!

எதிர்வாதங்கள் இரண்டு

“கோடி கோடியாகப் பொருள் பெறுகின்றனர், பேச்சையும் பெறட்டுமே” என்பர் சிலர். கோடி பெறுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். துணைநடிகையரும் குழுநடனம் ஆடுவோரும் நாட்கூலிக்கு உழைப்போரே; முகம் மூத்தால் அவர்க்குக் கூலியும் இல்லை. அன்றியும், ஊதியம் உழைப்புக்கு விலை, உடலுக்கு விலையன்று. நடுவண் அரசில் பணிபுரியும் நம் போன்றோர்க்கு ஆண்டுதோறும் ஊதிய உயர்வு உண்டு. பணிமூப்பு என்னும் சொல்லே நமக்குப் பெருமை. 1998-இல் ஓய்வு அகவை 58-லிருந்து 60 ஆயிற்று, எவரேனும் வருந்தினோமா? ஐம்பதாம் அகவைக் கோப்பெழுத்தர் தலை நரைத்ததென்று பொதுமக்கள் முறையீடு எழுதினால் நாம் நகைப்போம். மூப்பு நமக்குப் பதவி தருகிறது. அவர்க்கு மட்டும் அது பதவி பறிப்பதேன்?

“நம் பெண்மக்களைக் கெடுப்பவர் இவரன்றோ?” என்பர் வேறு சிலர். இவ்வினாவில் உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை. சிவப்பே அழகு என்று விளம்பரத்தில் தோன்றிப் பொருள் பெற்றவர் உளர். அவ்விளம்பரத்தைக் கேள்வி கேட்பது குடிமக்கள் உரிமை; கடமையுங்கூட. 1975 முதல் விற்பனையாகி வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு 2020-இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டமைக்கு அத்தகைய கேள்விகளே காரணம். 2023-இல் கேரளத்து மலப்புரத்தில், பாதரசம் கலந்த வெண்மைக் களிம்புகளைப் பூசியோர்க்குச் சிறுநீரக நோய் வந்ததாக மருத்துவர்கள் கண்டறிந்தனர். நம் தீவின் பெண்களுக்கும் இது எச்சரிக்கை. ஆகவே சொன்ன சொல்லை ஆராய்க. விற்ற பொருளை ஆராய்க. முகத்துச் சுருக்கத்தை எண்ணுவது ஆராய்ச்சியன்று.

உண்மையில் நம் பெண்மக்களைக் கெடுப்பது எது? வரவேற்பறையில் அமர்ந்து, திரையில் தோன்றும் நடிகையை நோக்கி, “கிழவியாகிவிட்டாள்” என்று தந்தையும் தமையனும் கூறும் சொல்லே. அதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் மகள், நடிகையைப் பற்றிய செய்தியாக அதைக் கொள்வதில்லை. தனக்கு வரவிருக்கும் தீர்ப்பாகவே கொள்கிறாள். தாயோ, ஏற்கெனவே வந்த தீர்ப்பாகக் கொள்கிறாள்.

மூப்பைப் போற்றிய மரபு

தமிழ் மரபு இத்தகையதன்று. காரைக்காலம்மையார் தம் வனப்பு மிக்க உடலை உதறிப் பேய் வடிவை வேண்டிப் பெற்றார். எலும்புருவான அவ்வடிவையே சோழர்காலச் சிற்பிகள் செம்பில் வடித்தனர். ஔவை இளமையைத் துறந்து முதுமையைக் கேட்டுப் பெற்றாள் என்பது நாட்டார் கதை. 1953-இல் எஸ்.எஸ். வாசன் ‘ஔவையார்’ படம் எடுத்தபோது, 45 அகவையை நெருங்கிய கே.பி. சுந்தராம்பாளே அதன் தலைவி. அவர் முகத்தை அளக்க எவரும் வரவில்லை; குரலைக் கேட்கவே திரண்டு வந்தனர். நம் காலத்திலும் நல்ல அறிகுறிகள் இல்லாமல் இல்லை. 2015-இல் ஜோதிகாவின் ‘36 வயதினிலே’ அகவையைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. 2023-இல் ‘ஜெயிலர்’ படத்தில் ஐம்பதைக் கடந்த ரம்யா கிருஷ்ணனே கதைத்தலைவரின் மனைவி. இவை விதிவிலக்குகளாக இராமல் விதியாக வேண்டும்.

அதற்குத் தீவுத் தமிழர் செய்யத்தக்கவை சிறியன, ஆனால் செய்யத்தக்கவை. நம் விழா மேடைகளில் நடிகையரின் உடலையும் அகவையையும் எள்ளும் பலகுரல் நிகழ்ச்சிகளுக்கு இடந்தரலாகாது. மூத்த கலைஞரை வரவேற்கும்போது, “இன்றும் இளமை மாறாதவர்” என்னும் வெற்றுப் புகழை விடுத்து, அவர் நடித்த பாத்திரங்களைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். வீட்டில், பெண்மக்கள் கேட்க எந்தப் பெண்ணின் முகத்துக்கும் தீர்ப்புக் கூறலாகாது.

மாதவியைப் பழித்த கோவலனுக்கும் தெளிவு வந்தது. மதுரைப் புறஞ்சேரியில் கௌசிகன் கொணர்ந்த அவளது திருமுகத்தைப் படித்தபின், தவறு அவளுடையதன்று, தன்னுடையதே என்று அவன் உணர்ந்தான். ஆனால் அதனை அவளிடம் சென்று கூற அவனுக்கு நாள் இல்லை. அவன் புகாருக்குத் திரும்பவே இல்லை. நமக்கு இன்னும் நாள் உண்டு. நம் கலைமகளிர் பலர் நம்மிடையே வாழ்கின்றனர், நடிக்கின்றனர், மூக்கின்றனர். அவர் உயிரோடிருக்கும்போதே அவர்க்கு நீதி வழங்குவோமாக.