மந்தாரத்தின் மேல் பழி

டெல்டாவில் நெல் தரிசு உளுந்து பூவெடுக்கும் நேரத்தில் இரண்டு நாள் வானம் மூடிக்கொண்டால் போதும், மருந்துக் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். "மந்தாரம் போட்டிருக்கு, புழு விழுந்துடும்." சொல்பவர் வயலில் இறங்கி ஒரு பூங்கொத்தையாவது பிரித்துப் பார்த்திருப்பார் என்று நம்ப முடியாது. வானத்தைப் பார்த்தே மருந்து டேங்க் நிறைகிறது.

புழு மேகத்திலிருந்து விழுவதில்லை. அந்துப்பூச்சி இரவில் வந்து மொட்டிலும் பூவிலும் முட்டையிடுகிறது. பச்சைக் காய்ப்புழுவின் தாய் நூற்றுக்கணக்கில் இடும். முட்டை பொரிய 3 முதல் 5 நாள். ஆகவே மந்தாரத்தின் இரண்டாம் நாள் கண்ணில் பட்ட புழு, வெயில் பளிச்சென்று அடித்த நாட்களின் இரவில் இடப்பட்ட முட்டையிலிருந்து வந்ததுதான்.

நம்பிக்கை முழுப்பொய்யும் அல்ல. புள்ளிக் காய்ப்புழுவுக்கு ஈரக்காற்றும் மேகமூட்டமும் தோதானவை. ஆனால் அது பூவையும் பிஞ்சையும் நூலால் பின்னி உள்ளே உட்கார்ந்து தின்னும். வலைக்குள் போய்விட்ட புழுவின் மேல் மருந்து சரியாகப் படாது. அசுவினியும் குளிர்ந்த நாட்களில் பெருகும். ஆண் துணையின்றியே குட்டி போடும் இனம். ஒரு வாரம், பத்து நாளில் குட்டியும் தாயாகிவிடும். அதே வானம் மந்தாரத்தோடு நிற்காமல் ஓங்கி ஒரு மழை பெய்தால், அசுவினியில் பெரும்பகுதியைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

வெள்ளை ஈயின் கதை நேர்மாறு. அதற்கு வேண்டியது சூடும் வறட்சியும். உளுந்திலும் பாசிப்பயறிலும் மஞ்சள் தேமல் நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அதுதான். நிலக்கடலையின் சுருள் பூச்சியும் மழை தள்ளிப்போகும் இடைவெளியில்தான் தலைதூக்கும். மேகத்துக்காகக் காத்திருப்பவர் இவை இரண்டையும் கோட்டை விடுகிறார்.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. ஈரக்காற்று பூச்சிக்கு மட்டும் சொந்தமில்லை. புழுவைப் பிடித்துக் கொல்லும் பூஞ்சைகளுக்கும் அதுவே பருவம். பொறிவண்டு அசுவினியைத் தின்றுகொண்டிருக்கும். அவசரத்தில் அடிக்கும் மருந்து அதையும் சேர்த்துத் தீர்த்துக்கட்டும். பிறகு அசுவினி சீக்கிரம் திரும்பும், பொறிவண்டுக்கு நாளாகும்.

பார்க்காமல் அடித்த மருந்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆந்திரத்தின் 1987-88 பருத்திப் பருவம் சாட்சி. குண்டூர்ப் பக்கம் பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தும் பச்சைக் காய்ப்புழு சாகவில்லை. அது எதிர்ப்புத்திறன் பெற்றிருந்ததைச் சோதனைகள் காட்டின. துவரையையும் கொண்டைக்கடலையையும் துளைப்பது அதே பூச்சிதான்.

அந்தப் புழுவுக்கென்றே என்.பி.வி. என்ற வைரஸ் கரைசல் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அதன் வீரியம் கெடும். அதனால்தான் மாலையில் அடிக்கச் சொல்கிறார்கள். பழி சுமக்கும் மந்தாரம் இந்தக் கரைசலுக்குக் குடை பிடிக்கிறது! எப்போது அடிப்பது என்பதை இனக்கவர்ச்சிப் பொறி சொல்லும். ஏக்கருக்கு 5 கட்டி, விழுந்த அந்துப்பூச்சிகளைக் காலையில் எண்ணிவந்தால் வரத்து கூடும் நாள் தெரியும். அதிலிருந்து முட்டை பொரியும் நாளை விரல்விட்டு எண்ணலாம். இளம்புழுவாக இருக்கும்போதுதான் என்.பி.வி. நன்றாக வேலை செய்யும்.