கமான் பட்டையில கை வைக்காதே மாப்ள!

மாமாவோட பழைய மகிந்திரா ஜீப் பிக்கப்பை அவர் பையன் புதுப்பிக்கறான். நாமக்கல் பக்கம் பண்ணைகளுக்குக் கோழித்தீவன மூட்டை ஏத்தின வண்டி. இப்ப அமெரிக்கப் பிக்கப் மாதிரி தரையோட இறக்கணுமாம். "மூணு பட்டையைக் கழட்டினா முடிஞ்சுது"ங்கறான்.

முடிஞ்சுதான் போகும். பாரத்தை எல்லாப் பட்டையும் பங்கு போட்டுக்குது. மூணு போனா மிச்சத்துல அழுத்தம் ஏறும், நம்மூர் வேகத்தடையில அச்சு மேல வந்து சேசிஸ்ல இடிக்கும். சரி, காய்ச்சி வளைக்கலாம்னான். காய்ச்சினா எஃகோட பதம் போயிரும், அப்புறம் அது ஸ்பிரிங் இல்ல, வெறும் தகடு. லாரிக்கு பாடி கட்டற ஊர்ல இதுக்கெல்லாம் சண்டை போட வேண்டியிருக்கு :-)

பட்டறைக்காரர்தான் வழி சொன்னார். ரெண்டு பட்டை கம்பெனி போட்டதே இல்லீங்களாம். மூட்டை பாரத்துக்காக மாமா சேர்த்தது. அதை எடுத்தா வண்டி அதோட சொந்த உயரத்துக்கு இறங்கும். என்னைக் கேட்டா புதுப்பிக்கறதுன்னா அதுதான். அதுக்கும் கீழ போனா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்புன்னு எஃப்சி-யில கேள்வி வரும்.

மாமாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "எடுங்க. ஆனா அந்த ரெண்டையும் இரும்புக் கடைக்குப் போட்டறாதீங்க சாமி"ன்னார்.